மலைப் பூச்சிக்குப் பெயர் வைத்தால் வயலுக்கு என்ன லாபம்?

மலைக்காட்டில் புதிய தத்துப்பூச்சி ஒன்றைக் கண்டுபிடித்து விஞ்ஞானிகள் பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்று அவ்வப்போது பத்திரிகையில் ஒரு சிறு செய்தி வருகிறது. அரிசி மணி அளவுகூட இல்லாத பூச்சி. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். இதைப் படிக்கும் சிறு விவசாயி, "உர விலை ஏறிப்போச்சு, நடவுக்கு ஆள் கிடைக்கலே. இவர்கள் மலையேறிப் பூச்சிக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்களே!" என்று நினைப்பது இயற்கை. திருவாமாத்தூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து உழவர் கூட்டங்களில் இதே கேள்வியை என் காதுபடப் பலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. உங்கள் வரிப் பணத்தில் சம்பளம் வாங்கும் எங்களுக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சியின் சரியான பெயரைத் தெரிந்துகொள்வதுதான் பயிர்ப் பாதுகாப்பின் முதல் வேலை. அந்தப் பெயர், பூச்சியால் தொல்லை வருவதற்கு முன்பே ஏட்டில் இருக்க வேண்டும். ஆகவே மலைப் பூச்சியை ஆராய்வது வீண் செலவு அல்ல. ஆனால் இன்று அந்த ஆராய்ச்சி நடக்கும் விதத்தில் விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய பங்கு கிடைக்கவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தத்துப்பூச்சி என்பது எது?

இலையைத் தொட்டவுடன் குதித்து ஓடும், ஆப்பு வடிவச் சிறு பூச்சிதான் தத்துப்பூச்சி. நண்டு போலப் பக்கவாட்டில் நகரும். பின்னங்காலில் வரிசையாகச் சிறு முட்கள் இருக்கும். ஊசி போன்ற வாயால் இலையின் சாற்றை உறிஞ்சும். உலகில் இதுவரை 20,000-க்கும் அதிகமான தத்துப்பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். இவற்றில் நம் பயிருக்குக் கெடுதல் செய்பவை மிகச் சிலவே. மற்றவை புல்லிலும், புதரிலும், மரத்திலும் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாழ்ந்துவிட்டுப் போகின்றன.

நம் பகுதியில் தொல்லை தருபவற்றைச் சொல்கிறேன். நெல்லில் பச்சைத் தத்துப்பூச்சி. வெண்டை, கத்தரி, பருத்தியில் இலையோரத்தை மஞ்சளாக்கி, கீழ்நோக்கிச் சுருட்டி, தீய்ந்தாற்போல் ஆக்கும் தத்துப்பூச்சி. நிலக்கடலையில் ஒன்று. மாம்பூவில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, தேன் போன்ற கழிவை ஒழுகவிட்டு, அதன்மேல் கரும்பூசணம் படிய வைக்கும் மாமரத் தத்துப்பூச்சிகள். எள்ளிலும் கத்தரியிலும் நோயைச் சுமந்து பரப்பும் வேறு இரண்டு.

நெற்பயிரின் புகையானையும் நம்மவர்கள் தத்துப்பூச்சி என்றே சொல்வார்கள். அது பங்காளிதான், ஆனால் வேறு குடும்பம். புகையான் தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக இருக்கும். பச்சைத் தத்துப்பூச்சி இலைகளில், மேல்பகுதியில் இருக்கும். புகையானுக்கு மேலாக மருந்து தெளித்தால் மருந்தும் கூலியும் வீண். தூரின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். அதிலும் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை அடித்தால் சிலந்தி முதலிய நண்பர்கள் செத்து, புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும். இரண்டையும் பிரித்து அறியாமல் அடித்துவிட்டு, "மருந்து வேலை செய்யவில்லை" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. எந்தப் பூச்சி என்று தெரியாமல் போனதற்குத்தான் அங்கே பணம் செலவானது.

பெயர் முதலில், தொல்லை பின்னால்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லண்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த டிஸ்டன்ட் என்பவர், இந்தியாவிலிருந்து ஊசியில் குத்தி அனுப்பப்பட்ட பூச்சிகளைப் பார்த்துப் பெரிய நூல்வரிசை ஒன்றை எழுதினார். 1908-இல் அவர் பெயர் வைத்த பூச்சிகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று இன்று நெபோடெட்டிக்ஸ் விரெசென்ஸ் எனப்படும் நெல்லின் பச்சைத் தத்துப்பூச்சி. மற்றொன்று இன்று ஹிஷிமோனஸ் பைசிட்டிஸ் எனப்படும் கத்தரித் தத்துப்பூச்சி.

அன்றைக்கு இந்த இரண்டையும் பற்றி யாரும் கவலைப்படவில்லை. "இதற்கெல்லாம் பெயர் எதற்கு?" என்று அன்றைய விவசாயியும் கேட்டிருக்கலாம். 1939-இல் கோயம்புத்தூரில் கத்தரியின் சிற்றிலை நோய் பற்றி முதல் அறிக்கை வந்தது. செடி பூக்காமல், காய்க்காமல், குட்டி குட்டி இலையாகப் புதர் போல நிற்குமே, அதே நோய்தான். அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது இந்தத் தத்துப்பூச்சிதான் என்று கண்டபோது, பெயரும் விவரமும் ஏற்கெனவே ஏட்டில் தயாராக இருந்தன. 1960-களில் பிலிப்பைன்ஸ் நாட்டில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், நெல்லின் துங்ரோ நோயைப் பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது என்று நிரூபித்தார்கள். அதற்கும் பெயர் அரை நூற்றாண்டுக்கு முன்பே வைக்கப்பட்டிருந்தது.

இன்று மலையிலோ காட்டிலோ கிடைத்து, யாருக்கும் உபயோகம் இல்லாதது போலத் தோன்றும் பூச்சிக்கு எழுதப்படும் விவரம், நம் பேரன் காலத்தில் தேவைப்படலாம். தேவைப்படாமலும் போகலாம். கிணறு வெட்டும்போது எல்லா இடத்திலும் ஊற்று கிடைப்பதில்லை. அதற்காகத் தாகம் எடுத்த பிறகு வெட்டலாம் என்று யாரும் இருப்பதில்லை.

பெயர் குழம்பினால் வரும் நஷ்டம்

பெயர் இருந்தால் மட்டும் போதாது, அது சரியாகவும் இருக்க வேண்டும். நெல்லில் இருக்கும் பச்சைத் தத்துப்பூச்சி ஒன்றல்ல. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு இனங்கள் நம் வயலில் உண்டு. நெபோடெட்டிக்ஸ் விரெசென்ஸ் ஒன்று, நெபோடெட்டிக்ஸ் நைக்ரோபிக்டஸ் மற்றொன்று. பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவற்றை பைபங்க்டேட்டஸ், அபிகாலிஸ், இம்பிக்டிசெப்ஸ் என்று வேறு வேறு பெயர்களில் எழுதிவந்தார்கள். ஒருவர் எழுதிய பெயர் எந்தப் பூச்சியைக் குறிக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியாத நிலை. 1971-இல் கோரி என்ற நிபுணர், முதன்முதலில் பெயர் வைத்தபோது எடுத்து வைக்கப்பட்ட மூல மாதிரிப் பூச்சிகளையே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தார்.

இது காகித வேலை அல்ல. விரெசென்ஸ் நெற்பயிரையே விரும்பி வாழும், துங்ரோவை மிகத் திறமையாகப் பரப்பும். நைக்ரோபிக்டஸ் வரப்புப் புல்லிலும் வயல் களையிலும் அதிகம் வாழும், துங்ரோவைப் பரப்புவதில் மட்டம். வரப்புப் புல்லில் பச்சைப் பூச்சி குதிப்பதைப் பார்த்துப் பயந்து மருந்தடிப்பவர், பெரும்பாலும் ஆபத்துக் குறைந்த பூச்சிக்கே செலவழிக்கிறார். நாற்றங்காலில் இருக்கும் ஆபத்தான பூச்சியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பூச்சியின் தலை உச்சியைப் பாருங்கள். முன் விளிம்பை ஒட்டிக் கறுப்புப் பட்டை இருந்தால் நைக்ரோபிக்டஸ். பட்டை இல்லாமல் தலை பச்சையாகவே இருந்தால் விரெசென்ஸ். கையில் பிடிக்கும் சிறு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். சந்தேகம் வந்தால் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

துங்ரோ இல்லாத இடத்தில் தூர் கட்டும் பருவத்தில் குத்துக்கு 5 பச்சைத் தத்துப்பூச்சி, பூக்கும் பருவத்தில் 10 என்ற அளவு வரும்வரை மருந்தைத் தொட வேண்டியதில்லை. துங்ரோ வழக்கமாக வரும் இடத்தில் குத்துக்கு 2 வந்தாலே நடவடிக்கை வேண்டும். ஒரே பூச்சிக்கு இரண்டு வரம்பு ஏன்? சாறு உறிஞ்சுவதால் வரும் சேதம் வேறு, நோயைச் சுமப்பதால் வரும் சேதம் வேறு. 1980-களின் நடுவில் தமிழ்நாட்டில் துங்ரோ பரவியபோது, மஞ்சள்-ஆரஞ்சு நிறமாகிக் குட்டையாகி நின்ற பயிரைப் பார்த்து, துத்தநாகக் குறை என்றும் தழைச்சத்துக் குறை என்றும் நினைத்து உரம் போட்டவர்கள் எத்தனையோ பேர். உரத்தால் துங்ரோ தீராது.

கடலையும் எள்ளும்

நம் மாவட்டத்து மானாவாரிப் பயிருக்கு வருவோம். நிலக்கடலையில் தொல்லை தரும் முக்கியமான தத்துப்பூச்சிக்கு 1940-இல் எம்போவாஸ்கா கெர்ரி என்று பெயர் வைத்தவர் ஹேம் சிங் புருத்தி என்ற இந்திய விஞ்ஞானி. இந்தப் பூச்சி சாறு உறிஞ்சினால் இலை நுனியிலிருந்து ஆங்கில 'வி' எழுத்து வடிவில் மஞ்சள் இறங்கும். பிறகு நுனி கருகும். இரும்புச் சத்துக் குறைந்தாலும் கடலை மஞ்சளாகும். ஆனால் அப்போது இளம் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புக்கு இடைப்பட்ட பகுதி வெளுக்கும். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாமல், பூச்சிக்கு அன்னபேதிக் கரைசலும், சத்துக் குறைக்குப் பூச்சிமருந்தும் தெளித்த வயல்கள் இன்றும் உண்டு.

எள்ளில் பூ எல்லாம் இலையாக மாறி, காயே பிடிக்காமல் பச்சைக் கொத்தாக நிற்கும் பூவிலை நோயைப் பார்த்திருப்பீர்கள். இதையும் ஒரு தத்துப்பூச்சிதான் பரப்புகிறது. ஓரோசியஸ் அல்பிசிங்டஸ் என்பது அதன் பெயர். நோய் கண்ட செடிக்கு மருந்தடித்துப் பயனில்லை. கத்தரிச் சிற்றிலைக்கும் அப்படியே. செடியைப் பிடுங்கி அழித்துவிட்டு, மற்றச் செடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எது நோயாளி, எது நோயைச் சுமந்து வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே கை வைப்பது என்று தெரியும்.

கடல் கடந்த ஓர் உதாரணம்

வெண்டை, கத்தரி, பருத்தியில் வரும் தத்துப்பூச்சிக்கும் ஒரு கதை உண்டு. தைவான் தீவில் இஷிடா என்பவர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். சில ஆண்டுகள் கழித்து, 1918-இல் டிஸ்டன்ட் அதே பூச்சிக்கு இந்தியாவில் எம்போவாஸ்கா டெவாஸ்டன்ஸ், அதாவது நாசம் செய்வது, என்று வேறு பெயர் வைத்தார். பல காலம் நம் நாட்டுப் புத்தகங்களில் அந்தப் பெயரே வழங்கியது. இரண்டும் ஒன்றே என்று தெரிந்த பிறகு அம்ராஸ்கா பைகட்டுலா என்ற ஒரே பெயரில் எல்லா விவரமும் ஒன்று சேர்ந்தன.

இந்தப் பூச்சி 2023-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலும், 2024-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் தென்பட்டது. 2025-இல் ஜார்ஜியா முதலிய மாநிலங்களில் பருத்தி வயல்களை மஞ்சளாக்கியது. அந்நாட்டு விவசாயிக்கு அது முன்பின் பார்க்காத பூச்சி. ஆனால் சரியான பெயர் தெரிந்தவுடன், அது எந்தெந்தச் செடியில் வாழும், இலையில் ரோமம் அதிகமுள்ள பருத்தி ரகம் அதை எப்படித் தாங்கும் என்றெல்லாம் இந்தியாவில் பல பத்தாண்டுகளாகக் கண்டறிந்த விஷயங்கள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. நாளை வேறு நாட்டுப் பூச்சி ஒன்று விழுப்புரம் வெண்டையில் வந்து உட்காரலாம். அப்போது அது வந்தேறியா, நம் மலையிலிருந்து இறங்கியதா, அல்லது பழைய பூச்சியேதானா என்று சொல்ல நம்மிடம் ஆள் இருக்க வேண்டும்.

ஏன் மலைக்குப் போகிறார்கள்?

சமவெளியில் ஒரு தத்துப்பூச்சி காற்றோடு பல மைல் போய்விடும். மலையில் அப்படி அல்ல. ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையே வெப்பமான பள்ளம் இருக்கிறது. மலை உச்சிப் புல்வெளியில் வாழும் தத்துப்பூச்சிகளில் சிலவற்றுக்கு இறக்கை குட்டையாகவே இருக்கும், பறந்து போக இயலாது. ஆகவே காலப்போக்கில் மலைக்கு மலை தனி இனமாகிவிடுகின்றன. புதிய இனம் மலையில் அதிகம் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

தென்னாட்டில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி. ஏ. விரக்தமட். 1970-களிலிருந்து அவரும் அவருடைய மாணவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலை உட்பட நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஏராளமான புதிய தத்துப்பூச்சிகளை விவரித்திருக்கிறார்கள். 1976-இல் அவர் நான்கு புதிய இனங்களை விவரித்தது, மாமரத் தத்துப்பூச்சிகள் சேர்ந்த அதே பிரிவில்தான். வயலுக்கு வேண்டிய பூச்சியையும் மலைப் பூச்சியையும் பார்த்தவர் ஒருவரே என்பதைக் கவனியுங்கள். மாந்தோப்புப் பூச்சியைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் அதன் காட்டு உறவினர்களையும் தெரிந்திருக்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிடைத்த இந்தக் கவனம் நமக்கு அருகிலுள்ள செஞ்சிக் குன்றுகளுக்கோ, கல்வராயன் மலைக்கோ, ஜவ்வாது மலைக்கோ கிடைக்கவில்லை. கல்வராயன் மலையில் சாமையும் நெல்லும் காட்டுப் புல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. எந்தத் தத்துப்பூச்சி புல்லிலிருந்து சாமைக்கு வருகிறது, எந்தப் பூச்சியின் முட்டைக்குள் எந்தக் குளவி முட்டையிட்டு அதை அழிக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. தத்துப்பூச்சியின் முட்டையை அழிக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குளவிகள் காட்டுப் புல்லிலும் களையிலும்தான் பஞ்ச காலத்தைக் கழிக்கின்றன. நம் வயலுக்குச் செலவில்லாத காவலாளிகள் அவை.

பெயர் வைப்பது எப்படி?

இதை நடத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வலை வீசியும், இரவில் விளக்குப்பொறி வைத்தும் பூச்சியைப் பிடிக்கிறார்கள். காப்புக்காட்டில் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். நிறத்தையும் அளவையும் பார்த்து மட்டும் தத்துப்பூச்சியின் இனத்தைச் சொல்ல முடியாது. ஆண் பூச்சியின் அடிவயிற்றைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தசையைக் கரைத்து, உள்ளேயிருக்கும் இன உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல இனத்துக்கு ஒரு வடிவம் அங்கே இருக்கும். பிறகு உலகெங்கும் இதுவரை எழுதப்பட்ட விவரங்களோடு ஒப்பிட்டு, இது எதிலும் அடங்காது என்று உறுதியான பிறகே புதிய பெயர். அந்த ஒரு பூச்சியை மூல மாதிரி என்று சிவப்புச் சீட்டு ஒட்டிப் பாதுகாக்கிறார்கள். டிஸ்டன்ட் காலத்து மூல மாதிரிகள் லண்டனில் இருக்கின்றன. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி, இன்று இங்கே கண்டுபிடிக்கும் புதிய இனத்தின் மாதிரியை நம் நாட்டிலேயே அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்தில் வைக்க வேண்டும். இது நல்ல சட்டம்.

விஞ்ஞானிகளிடமும் குறை உண்டு

இவ்வளவு சொன்ன பிறகு, எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

புதிய மலைப் பூச்சியைப் பற்றி வரும் பல கட்டுரைகளில் இன உறுப்பின் படம் பத்து இருக்கும். ஆனால் அந்தப் பூச்சி எந்தச் செடியில் வாழ்கிறது என்ற ஒரு வரி இருக்காது. விளக்குக்கு வந்தது, பிடித்தோம், பெயர் வைத்தோம் என்று முடிந்துவிடும். விவசாயிக்கு வேண்டிய முதல் விஷயமே அது எதைத் தின்கிறது என்பதுதான். புல்லைத் தின்னும் பூச்சி நாளை நெல்லுக்கும் சோளத்துக்கும் வரக்கூடும். மலை மரத்தை மட்டும் நம்பி வாழும் பூச்சியைப் பற்றி நாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று, ஒரே ஓர் ஆண் பூச்சியை வைத்துக்கொண்டு புதிய இனம் என்று எழுதிவிடுவது. பெண் பூச்சி எப்படி இருக்கும், குஞ்சு எப்படி இருக்கும் என்ற விவரம் இல்லை. வயலில் நாம் பார்ப்பதில் பாதிக்குமேல் பெண்ணும் குஞ்சுமாக இருக்கிறபோது, ஆணை மட்டும் விவரித்து என்ன செய்வது? எத்தனை பெயர் வைத்தோம் என்ற எண்ணிக்கையில் பெருமை இல்லை. ஒரு பெயரோடு எவ்வளவு தெரிந்துகொண்டோம் என்பதில்தான் இருக்கிறது.

மூன்றாவது குறை பாஷை. உலகம் முழுவதும் படிக்க ஆங்கிலத்தில் எழுதுவது அவசியம்தான். அதோடு பத்து வரி தமிழில் எழுதி, அந்த மலை அடிவாரத்து ஊர்களுக்கு அனுப்பினால் கைவலியா வந்துவிடும்? "இந்தப் பூச்சி புதிது, இது பயிரில் வாழ்வதில்லை, பயப்படாதீர்கள்" என்ற ஒரு வரியே வீண் மருந்துச் செலவைத் தடுக்கும்.

"இனி இதெல்லாம் எதற்கு? மரபணுச் சோதனை செய்தால் இயந்திரமே பெயரைச் சொல்லிவிடுமே" என்று சிலர் வாதிடுகிறார்கள். மரபணுச் சோதனை நல்ல கருவி. குஞ்சையும் பெண்ணையும் ஆணோடு பொருத்திப் பார்க்க அது உதவும். ஆனால் சோதனையில் வரும் குறியீட்டை எதனோடு ஒப்பிடுவது? முதலில் ஒரு மனிதர் பூச்சியைப் பார்த்து இன்னது என்று சரியாகச் சொல்லி, அதன் குறியீட்டைப் பதிவு செய்திருக்க வேண்டும். பத்திரத்தில் பெயர் தப்பாக இருந்தால் வில்லங்கச் சான்றிதழும் தப்பாகத்தான் வரும்.

செய்ய வேண்டியது என்ன?

வகைப்பாட்டியல் என்ற இந்தப் படிப்புக்கு மாணவர்கள் முன்வருவது குறைந்துவிட்டது. வேலை வாய்ப்பு குறைவு, கண் வலிக்கும், பல ஆண்டுகள் பொறுமை வேண்டும். ஒரு நிபுணர் ஓய்வு பெற்றால் அவரோடு அந்த அறிவும் போய்விடுகிறது. கோயம்புத்தூரில் 2018-இல் நமது வேளாண்மைப் பல்கலைக்கழகம் பூச்சி அருங்காட்சியகம் திறந்தது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்ட வேண்டிய இடம். ஆனால் காட்சிக்கு வைத்தால் மட்டும் போதாது. மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

முதலாவது, புதிய இனத்தை விவரிக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும்போது, அது வாழும் செடியையும் எழுத வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும்.

இரண்டாவது, மாவட்டத்துக்கு ஒரு சிறு பூச்சித் தொகுப்பு வேண்டும். நமக்குத் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கே கடலை, எள், நெல், காய்கறிப் பூச்சிகளோடு, செஞ்சி, கல்வராயன் மலைப் பூச்சிகளும் பெயர்ச் சீட்டோடு ஒரு பெட்டியில் இருக்கட்டும். சந்தேகப் பூச்சியைக் கொண்டுவருபவர் அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, விவசாயி கொண்டுவரும் பூச்சிக்கு ஒரு வாரத்துக்குள் பெயரும் சிபாரிசும் சொல்லும் ஏற்பாடு வேண்டும். பதில் வருவதற்குள் பயிர் அறுவடைக்கு வந்துவிட்டால் அந்தப் பதிலால் யாருக்கு லாபம்?

உங்கள் பங்கும் உண்டு. இதுவரை பார்த்திராத தத்துப்பூச்சி பயிரில் திடீரென்று பெருகினால், மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். சிறு மருந்துக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி, பத்துப் பதினைந்து பூச்சிகளைப் பெரியதும் சிறியதுமாகப் பிடித்துப் போடுங்கள். ஆண் பூச்சி கிடைத்தால்தான் இனம் தெரியும் என்பதால் ஒன்றிரண்டு போதாது. பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு போட்டால் அழுகிவிடும். ஒரு துண்டுக் காகிதத்தில் ஊர், தேதி, பயிர், ரகம், செடியின் எந்தப் பாகத்தில் இருந்தது என்று பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். பாதிக்கப்பட்ட இலையைத் தனியே செய்தித்தாளில் மடித்து வையுங்கள். குப்பியை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ திண்டிவனத்திலோ கொடுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் உதவும், ஆனால் படம் பூச்சிக்கு ஈடாகாது.

திருவாமாத்தூர்ப் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் நெல் நிற்கிறது. பக்கத்திலேயே கத்தரியும், எள்ளும், கடலையும். ஆண்டு முழுவதும் தத்துப்பூச்சிக்குச் சாப்பாடு தயார். இத்தகைய ஊரிலிருந்து வரும் ஒரு குப்பிப் பூச்சி, மலை உச்சியில் பிடித்த பூச்சிக்குச் சற்றும் குறைந்ததல்ல. இரண்டும் ஒரே மேஜையில், ஒரே நுண்ணோக்கியின் கீழ் வர வேண்டும். அந்த மேஜையில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று உங்கள் உழவர் மன்றத்தில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.